தலைக்கணக்கும் வாக்குக்கணக்கும்: சில கேள்விகளுக்குப் பதில்

தமிழருக்குப் பாராளுமன்றத்தில் உரிய இடம் கிடைத்திருந்தால் இலங்கையில் போர் வந்திருக்குமா? வேறு வேறு வார்த்தைகளில் பலர் இதையே கேட்டிருக்கிறீர்கள். நான் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, உயர்தர வகுப்புக்கு அரசியல் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். தெரிந்தவரை சொல்கிறேன்.

திருச்சியிலிருந்து ஒரு மாணவர்: ஐயா, நாட்டில் கால்வாசிகூட இல்லாத தமிழர்கள் சட்டசபை ஆசனங்களில் ஐம்பதுக்கு ஐம்பது கேட்டது அதிகம் இல்லையா?

தம்பி, அதைக் கேட்ட தமிழ்த் தலைவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம் தமிழருக்கு மட்டும் பாதி கேட்கவில்லை. பாதி சிங்களவருக்கு, மறுபாதி இலங்கைத் தமிழர், மலையகத் தமிழர் (தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து வந்தவர்களின் வழிவந்த எங்கள் மக்கள்), முஸ்லிம்கள், பறங்கியர் (ஐரோப்பிய வழிவந்தவர்கள்) என்று மற்ற எல்லோருக்கும் சேர்த்து. ஓர் இனம் தனியாக நின்று மற்றவர்கள் தலைக்கு மேலே சட்டம் செய்துவிடக் கூடாது என்பதுதான் அதன் கருத்து. அந்தப் பயம் சும்மா வந்ததில்லை. 1931-இல் பிரிட்டிஷ் ஆட்சி கொண்டுவந்த டொனமூர் அரசியலமைப்புத் திட்டம் எல்லோருக்கும் வாக்குரிமை தந்தது, இனவாரிப் பிரதிநிதித்துவத்தை எடுத்துவிட்டது. ஐந்தே வருடத்தில், 1936-இல், அமைச்சர் சபையில் ஒரு தமிழர்கூட இல்லை.

அடுத்த அரசியலமைப்புக்காகப் பிரிட்டன் அனுப்பிய சோல்பரி ஆணைக்குழு இந்தக் கோரிக்கையை ஏற்கவில்லை. பதிலுக்கு இரண்டு ஏற்பாடுகள் வந்தன. 75,000 பேருக்கு ஓர் ஆசனம். அதோடு மாகாணத்தின் ஒவ்வோர் 1,000 சதுர மைலுக்கும் இன்னோர் ஆசனம். மக்கள் குறைவான, நிலம் பரந்த வடக்கு கிழக்குக்கு இது கொஞ்சம் கைகொடுக்கும். அடுத்தது 29(2)-ஆம் பிரிவு: ஓர் இனத்தவருக்கோ மதத்தவருக்கோ மட்டும் பாதகமான சட்டத்தைப் பாராளுமன்றம் செய்யக் கூடாது.

பொன்னம்பலத்தின் கணக்கு நடைமுறைக்கு ஒத்துவந்திருக்காது என்றே நினைக்கிறேன். நாலு சமூகங்கள் எப்போதும் ஒரே பக்கம் நிற்பார்கள் என்று எப்படி எதிர்பார்ப்பது? ஆனால் அவர் பயந்தது சரி. அடுத்த கேள்வியில் அது தெரியும்.

கண்டியிலிருந்து ஒரு மாணவி: சேர், 29(2) இருக்கும்போதே மலையக மக்களின் வாக்குரிமை எப்படிப் போனது?

மகள், இதைத்தான் நான் வகுப்பில் இரண்டு நாள் எடுத்துப் படிப்பிப்பேன்.

1947 தேர்தலில் தோட்ட மக்களின் கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஆறேழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. நுவரெலியாவில் அந்தக் கட்சியின் தலைவர் தொண்டமான் வென்றார். வேறு பல தொகுதிகளில் தோட்ட வாக்குகள் இடதுசாரிகளுக்குப் போயின. ஆட்சிக்கு வந்தவர்களை அது உறுத்தியது. சுதந்திரம் கிடைத்த அதே 1948-இல் பிரஜாவுரிமைச் (குடியுரிமை) சட்டம் வந்தது. தகப்பன் இலங்கையில் பிறந்ததற்கு அத்தாட்சி காட்டு. இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் பிறந்ததற்குக் காட்டு என்றது. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்தவனிடம் தகப்பனுடைய பிறப்புப் பத்திரம் எங்கே இருக்கும்? 1949-இல் தேர்தல் சட்டத்தைத் திருத்தி, பிரஜைகளுக்கு மட்டுமே வாக்கு என்றார்கள். 1952 தேர்தலில் மலையகத்திலிருந்து அந்தக் கட்சிக்கு ஓர் ஆள்கூடக் கிடையாது.

சட்டத்தில் ‘இந்தியர்’, ‘தமிழர்’ என்ற சொல்லே வராது. எல்லோருக்கும் பொதுவான விதி போலத்தான் எழுதியிருந்தார்கள். கோடகன் பிள்ளை என்பவர் வழக்குப் போட்டு அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் கோமறைக் கழகம் (பிரிவி கவுன்சில்) வரை போனார். 1953-இல் அங்கேயும் தோற்றார். யார் பிரஜை என்று தீர்மானிப்பது ஒரு நாட்டின் உரிமை, இதில் பாரபட்சம் இல்லை என்றது தீர்ப்பு. 29(2) என்ற வேலி அன்றைக்கே சாய்ந்துவிட்டது.

இன்னொன்றும் நடந்தது. வாக்குப் போனாலும், தொகுதிகளைப் பங்கிடும்போது எங்கள் மக்களின் தலையை எண்ணத்தான் செய்தார்கள். எங்கள் எண்ணிக்கையால் மலைநாட்டுக்கு ஆசனம் கூடியது. அந்த ஆசனத்துக்கு வாக்குப் போட மட்டும் எங்களால் முடியாது.

எங்கள் வீட்டில் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. அதற்குள் அம்மா விண்ணப்ப நகல், பதில் வராத கடிதங்களின் தபால் ரசீது எல்லாவற்றையும் பொலித்தீனில் சுற்றி வைத்திருந்தார். மழைக்காலத்தில் தகரம் ஒழுகும்போது முதலில் தூக்குவது அந்த டின்னைத்தான், அரிசியைக்கூட அப்புறம்தான். அவர் முதன்முதலில் வாக்களித்தபோது தலை முழுக்க நரைத்திருந்தது.

டொரொண்டோவிலிருந்து: வடக்கில் தமிழ் எம்.பி.க்கள் எப்போதும் இருந்தார்களே அண்ணா. பிறகு ஏன் போர் வந்தது?

இருந்தார்கள், பேசினார்கள், வாக்கெடுப்பில் தோற்றார்கள். சிங்களத்தை மட்டும் அரச மொழியாக்கிய தனிச் சிங்களச் சட்டம் 1956-இல் அப்படித்தான் நிறைவேறியது. பாராளுமன்றத்துக்கு வெளியே, அதிகாரத்தைப் பகிரும் ஒப்பந்தங்கள் எழுதிப் பார்த்தார்கள். பிரதமர் பண்டாரநாயக்கவும் தமிழ்த் தலைவர் செல்வநாயகமும் செய்த 1957 பண்டா – செல்வா ஒப்பந்தத்தை அடுத்த வருடமே பிக்குகளின் எதிர்ப்புக்குப் பயந்து பண்டாரநாயக்க கைவிட்டார். டட்லி சேனநாயக்கவோடு செய்த 1965 டட்லி – செல்வா ஒப்பந்தமும் நிறைவேறவில்லை. 1972 அரசியலமைப்பு 29-ஆம் பிரிவையே தூக்கிவிட்டது.

1977-ஐ மட்டும் கொஞ்சம் நின்று பாருங்கள். வடக்கு கிழக்குத் தமிழரின் தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு 18 ஆசனங்கள், அதன் தலைவர் அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவர். அதுவரை இதைவிடப் பெரிய இடம் தமிழருக்கு அந்தச் சபையில் கிடைத்ததில்லை. ஆனால் எதிரே 168 பேரில் 140 பேர் ஐக்கிய தேசியக் கட்சி. 18 பேரைக் கேட்க வேண்டிய அவசியமே அரசுக்கு இல்லை. 1983 ஜூலைக் கலவரம் முடிந்த கையோடு ஆறாம் திருத்தம் வந்தது. பிரிவினையை ஆதரிக்க மாட்டோம் என்று சத்தியம் செய்ய மறுத்ததால் அவர்கள் ஆசனங்களை இழந்தார்கள். ‘பாராளுமன்றத்தில் பேசித் தீர்ப்போம்’ என்று இளைஞர்களிடம் சொல்ல அதற்குப் பிறகு ஆள் இல்லை.

பதுளையிலிருந்து: தொண்டமான் அரசோடு சேர்ந்து காரியம் சாதித்தார். வடக்குத் தலைவர்களும் அப்படிச் செய்திருக்கலாமே?

எங்கள் பக்கத்தில் இப்படிப் பெருமையாகச் சொல்வார்கள். முழு உண்மை இல்லை. 1977-இல் அவருடைய கட்சிக்கு (இப்போது இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் என்று பெயர்) ஒரே ஓர் ஆசனம். வடக்கின் 18-ஆல் முடியாதது அந்த ஒன்றால் எப்படி முடிந்தது? அவருக்குப் பின்னால் தேயிலை இருந்தது. 1986 ஜனவரியில் தோட்டங்களில் பிரார்த்தனை இயக்கம் தொடங்கியது. காலையில் பிரட்டுக்கு (வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடத்துக்கு) போகாமல் கோயிலில் போய் உட்கார்ந்தார்கள். கொழுந்து ஏறாவிட்டால் ஏற்றுமதி இல்லை. அந்த வருடமே நாடற்றவருக்குப் பிரஜாவுரிமை தரும் சட்டம் வந்தது. 1988-இலும் 2003-இலும் வந்த சட்டங்கள் மிச்சத்தை முடித்தன. இந்தியாவின் நெருக்குதலும் சேர்ந்திருந்தது. வடக்கில் அப்படி நிறுத்திவைக்க ஒரு தேயிலை இல்லை. அரசோடு சேர்ந்திருந்தும் 1981-இலும் 1983-இலும் தோட்டத்து மக்கள் அடிபட்டதையும் மறக்கக் கூடாது.

அக்கரைப்பற்றிலிருந்து: முஸ்லிம் கட்சிகள் தேர்தல் முறையால் பயன் பெற்றன என்கிறார்களே?

ஆமாம். விகிதாசாரத் தேர்தலில் ஒரு மாவட்டத்தில் எட்டில் ஒரு பங்கு வாக்கு இருந்தால்தான் ஆசனம் என்று இருந்தது. 1988-இல் அதை ஐந்து வீதமாகக் குறைத்தார்கள். முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் அஷ்ரஃபின் முயற்சி இதில் பெரிது. சிதறி வாழும் சமூகத்துக்கு இந்த ஒரு எண் உயிர் மாதிரி. யாராவது இதைக் கூட்டப் பார்த்தால் விடாதீர்கள்.

சென்னையிலிருந்து: சிறுபான்மையினருக்கு அதிகாரத்தில் பங்கு கொடுத்தது வெளிநாட்டில் எங்காவது பலித்திருக்கிறதா?

வட அயர்லாந்து. அங்கேயும் 1972 வரை சிறுபான்மையான கத்தோலிக்கருக்கு உறுப்பினர்கள் இருந்தார்கள், அதிகாரம் இல்லை. 1998 சமாதான ஒப்பந்தம் முக்கியத் தீர்மானங்களுக்கு இரண்டு தரப்பின் ஆதரவும் வேண்டும் என்றது. முதலமைச்சருக்கும் துணை முதலமைச்சருக்கும் சம அதிகாரம். அந்த அரசு பல தடவை வருடக்கணக்கில் முடங்கியிருக்கிறது. முடங்கினாலும் பழைய போர் திரும்பவில்லை.

நோர்வூட்டிலிருந்து ஓர் இளைஞர்: சேர், இப்போது நாங்கள் எதைக் கேட்க வேண்டும்?

உங்கள் லயத்துக்கு முன்னால் இருக்கும் ரோட்டிலிருந்து தொடங்குங்கள். தோட்டம் பொதுச்சொத்து இல்லை என்று சொல்லி, பிரதேச சபைப் பணத்தை அந்த ரோட்டுக்குச் செலவழிக்கவிடாமல் சட்டம் 2018 வரை தடுத்தது. நாம் வாக்குப் போட்டு அனுப்பிய உறுப்பினரால் நம்முடைய ரோட்டுக்கு ஒரு லோட் கல்கூடப் போட முடியவில்லை. சட்டம் மாறிவிட்டது. உங்கள் சபையின் இந்த வருட பட்ஜெட்டை வாங்கி, தோட்டங்களுக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்று பாருங்கள். அப்புறம் மாகாண சபை. 2013-இல் வடக்கில் 38-இல் 30 ஆசனம் தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்குக் கொடுத்தார்கள் மக்கள். அந்தச் சபையின் காலம் 2018-இல் முடிந்தது. தேர்தல் முறையை மாற்றப் போய், எல்லை நிர்ணய அறிக்கையையும் பாராளுமன்றம் நிராகரித்து, தேர்தல் அந்தரத்தில் நின்றுவிட்டது. தேர்தலை நடத்தச் சொல்லி வடக்கும் கிழக்கும் மலையகமும் ஒரே மனுவில் கையெழுத்துப் போடட்டும். எழுதுவதற்கு ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.