டேங்க் காலியான இடம்

ஐயா, வணக்கம்.

ரூத் லா பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். 1916-இல் சிகாகோவிலிருந்து நியூயார்க்குக்குப் பறக்கக் கிளம்பி, வழியில் ஹார்னெல் என்ற ஊரில் பெட்ரோல் தீர்ந்து இறங்கிய அமெரிக்கப் பெண் விமானி. நான் முப்பது வருஷம் லாரி ஓட்டியவன். டேங்க் காலியாகி வண்டி நடுவழியில் நின்றால் நாங்கள் டிரைவரைத்தான் திட்டுவோம். இதை எப்படிச் சாதனை என்கிறீர்கள்? அந்த அம்மாவின் தைரியத்தைப் பாராட்டலாம், அது வேறு விஷயம்.

ஒரு வாசகர், நாமக்கல்

அன்புள்ள ஐயா,

இந்தக் கேள்வி ஒரு டிரைவரிடமிருந்து வந்ததில் எனக்கு மகிழ்ச்சி. தைரியம் அவருக்கு நிறையவே இருந்தது. ஆனால் நான் அவரைக் கொண்டாடுவது, கையிலிருந்த வண்டியை அவர் அறிந்து வைத்திருந்த விதத்துக்காக.

அவர் முதலில் கேட்டது வேறு வண்டி. கர்டிஸ் கம்பெனியின் பெரிய விமானம் ஒன்றை விலைக்குக் கேட்டார். ஒரு பெண்ணால் அதைச் சமாளிக்க முடியாது என்று க்ளென் கர்டிஸ் மறுத்துவிட்டார். அதே கம்பெனியின் பெரிய விமானத்தில், அந்த நவம்பர் 2-ஆம் தேதி, விக்டர் கார்ல்ஸ்ட்ராம் இதே வழியில் பறந்தார். 200 காலன் பெட்ரோலுக்கு மேல் ஏற்றிக்கொண்டு போயும், எரிபொருள் குழாயில் வந்த கோளாறால் 452 மைலில் இறங்க வேண்டியதாயிற்று. நடுவில் இறங்காமல் பறந்த தூரத்தில் அதுவே அப்போது அமெரிக்கச் சாதனை.

ரூத் லாவிடம் இருந்தது கண்காட்சிகளில் வித்தை காட்டிய பழைய சின்ன விமானம். இன்ஜின் முதுகுக்குப் பின்னால். முன்னால் ஒன்றுமே இல்லை, திண்ணை விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்த மாதிரி. அதில் கூடுதல் டேங்குகளைப் பொருத்தி 53 காலன், அதாவது சுமார் 200 லிட்டர் பிடிக்கிற மாதிரி செய்தார். கால்களைக் காற்றிலிருந்து காக்க ஒரு தகடு வைத்தார். எடையைக் குறைக்க விளக்குகளைக் கழற்றினார். நவம்பர் குளிருக்கு உடம்பைப் பழக்க, சிகாகோவில் ஒரு ஹோட்டல் மொட்டை மாடியில் கூடாரம் போட்டுத் தூங்கினார்.

அப்புறம் அந்த வரைபடம். எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான். போகும் வழியை மட்டும் நீளப் பட்டையாக வெட்டி ஒட்டி, இரண்டு உருளைகளில் சுற்றி, சின்னப் பெட்டிக்குள் வைத்துத் தொடையில் கட்டிக்கொண்டார். ஊர்கள் கடக்கக் கடக்க உருளையைத் திருக வேண்டும். ஆனால் அந்த விமானத்தை ஓட்ட இரண்டு நெம்புகோல்கள், கைக்கு ஒன்று. வரைபடத்தைத் திருக வேண்டுமென்றால் ஒரு நெம்புகோலை முழங்காலால் பிடித்துக்கொண்டு அந்தக் கையை விடுவிப்பார். இப்படி, உறைய வைக்கும் காற்றில், கிட்டத்தட்ட ஆறு மணி நேரம்.

நவம்பர் 19 அன்று ஹார்னெலை நெருங்கும்போது இன்ஜின் நின்றுவிட்டது. கடைசி இரண்டு மைல் தூரத்தை வெறுமனே மிதந்தே வந்து தரையிறங்கினார். 590 மைல். கார்ல்ஸ்ட்ராமைவிட 138 மைல் அதிகம், ஏறக்குறைய கால் பங்கு பெட்ரோலில். லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர்கூட வரவில்லை, சரி. ஆனால் ஏற்ற முடிந்த பெட்ரோல் அவ்வளவுதான். அதில் ஒரு சொட்டைக்கூட அவர் வீணாக்கவில்லை. நீங்கள் சொல்லும் டிரைவர் பங்க்கைத் தாண்டி வந்து நின்றவர். இவருக்கு வழியில் பங்க் கிடையாது, கேட்ட வண்டியும் கிடைக்கவில்லை.

ஹார்னெலில் பெட்ரோல் போட்டுக்கொண்டு பிங்காம்டன் வரை போனார். விளக்கைக் கழற்றியிருந்ததால் இருட்டில் பறக்க முடியாது, இரவு அங்கேயே தங்கினார். மறுநாள் மன்ஹாட்டன் மேலே வரும்போது இன்ஜின் மறுபடி இருமத் தொடங்கியது. பெட்ரோல் தீர்ந்த ஸ்கூட்டரை ஒரு பக்கமாகச் சாய்த்துவிட்டு உதைப்போம் இல்லையா? அதையே அவர் ஆகாயத்தில் செய்தார். அடியில் கிடந்த பெட்ரோல் கார்புரேட்டருக்குப் போகட்டும் என்று விமானத்தைச் சாய்த்தார், கட்டடங்களுக்கு மேலே. மிதந்தபடியே நியூயார்க்கின் கவர்னர்ஸ் தீவில் இறங்கினார். அங்கே அவரை வரவேற்க ராணுவத் தளபதி லெனர்ட் வுட் நின்றிருந்தார்.

இந்தச் சாதனையை ஓராண்டு கழித்து 610 மைல் பறந்து முறியடித்தவரும் ஒரு பெண்தான், கேதரின் ஸ்டின்சன்.

1917-இல் அமெரிக்கா போரில் இறங்கியபோது ரூத் லா ராணுவத்துக்காகப் பறக்க அனுமதி கேட்டார். சீருடை போட்டுக்கொண்டு, ஊர் ஊராகப் போய்ப் படைக்கு ஆள் சேர்த்துத் தரச் சொன்னார்கள். போர் விமானம் ஓட்ட மட்டும் விடவில்லை. எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனசு ஆறாத இடம் இது.