பார்சிலோனாவின் பசேச் தெ கிராசியா சாலையில் இருக்கும் அலங்காரத் தெருவிளக்குகளை வடிவமைத்தது கட்டடக் கலைஞர் கௌடியா?

இல்லை. அவை பேரே ஃபால்கேஸின் வேலை. நகராட்சிக் கட்டடக் கலைஞராக இருந்தவர், ஆண்டு 1906. யாரோ போட்ட பயணப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அந்தப் படங்களுக்குக் கீழே கௌடி என்றுதான் எழுதுகிறார்கள். நாங்கள் போனபோது வழிகாட்டியும் அதையே சொன்னார். நான் மறுத்தேன், "எல்லாம் ஒரே காலம்தானே" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார்.

குழப்பம் எங்கிருந்து வருகிறது என்பது புரிகிறது. விளக்குக்கு அடியிலேயே கல் பெஞ்சு, அதன்மேல் உடைத்த வெள்ளை ஓட்டுத் துண்டுகள், கௌடியின் குவெல் பூங்காவில் பார்க்கிற அதே ஒட்டுவேலை. அதே சாலையில் அவருடைய காசா பட்யோ, லா பெத்ரேரா என்ற கட்டடங்களும் நிற்கின்றன. ஆனால் பெஞ்சின் பின்னாலிருந்து எழுந்து சாலைப் பக்கம் வளைந்து விளக்கைத் தாங்கும் அந்த இரும்பைப் பாருங்கள், அது மானுவேல் பல்யாரின் என்பவரின் பட்டறையில் அடித்து வளைத்த வேலை. அவர் பெயரை யாருமே சொல்வதில்லை.

உடனே கௌடி ரசிகர்கள் சண்டைக்கு வர வேண்டாம், நானும் ரசிகன்தான். அவர் வடிவமைத்த தெருவிளக்குகள் வேறு இடத்தில் இருக்கின்றன. 1878-இல் பட்டம் வாங்கிய கையோடு நகராட்சி கொடுத்த வேலை அது. அடுத்த ஆண்டு பிளாசா ரெயால் சதுக்கத்தில் நிறுவினார்கள். ஆறு கைகள், உச்சியில் வணிகக் கடவுள் மெர்க்குரியின் சிறகு வைத்த தலைக்கவசம், தண்டில் பின்னிக்கொண்ட பாம்புகள். துறைமுக வியாபாரத்தில் வளர்ந்த ஊருக்கு எவ்வளவு பொருத்தம்!

எனக்கு இதில் இவ்வளவு கோபம் வரக் காரணம் உண்டு. ஒரு கட்டட அலுவலகத்தில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தவன் நான். இரவெல்லாம் உட்கார்ந்து வரைந்த மாடிப்படிக் கிராதி ஒன்று பத்திரிகையில் முதலாளி பெயரில் வந்தது, சம்பளம் வாங்கினாயே, அப்புறம் என்ன என்று கேட்டார்கள். பெயர் போடாமல் விட்டிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன், வேறொருவர் பெயரைப் போட்டதைத்தான் தாங்க முடியவில்லை.

சரி, ஃபால்கேஸுக்கே வருவோம். பசேச் தெ கிராசியா சாலையின் மேல்கோடிச் சந்திப்புக்காக அவர் செய்த பெரிய விளக்குகளை 1985-இல் சக்ராதா ஃபமிலியா தேவாலயத்துக்குப் போகும் தெருவில் கொண்டுபோய் வைத்தார்கள். அந்தத் தெருவின் பெயர் கௌடி அவென்யூ. அங்கேயும் போய்ப் பாருங்கள், யாராவது கௌடி என்று சொன்னால் ஃபால்கேஸ் என்று திருத்துங்கள்.