பார்க் லைட் போட்டதும் 10 ஆம்ப் ஃபியூஸ் போகிறது, மீட்டர் வெளிச்சமும் இல்லை

டேஷ்போர்டைக் கழற்ற வேண்டாம், பொறுங்கள். பல கார்களில் மீட்டர் வெளிச்சம், டெயில் லைட், நம்பர் பிளேட் விளக்கு எல்லாமே ஒரே ஃபியூஸில்தான் ஓடும். வெளிச்சம் போனது முன்னால். ஷார்ட் பெரும்பாலும் பின்னால் இருக்கும். உங்கள் காரிலும் அப்படியா என்று ஃபியூஸ் பாக்ஸ் மூடியில் பாருங்கள்.

ஃபியூஸை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்காதீர்கள். 12 வோல்ட் 21 வாட் பல்பு ஒன்றில் இரண்டு ஒயர் இணைத்து, ஃபியூஸ் இருந்த இடத்தில் செருகுங்கள். அந்த லைனில் உள்ள 5 வாட் பல்புகளைக் கழற்றிவிட்டு பார்க் லைட் போடுங்கள். சோதனை பல்பு முழுப் பிரகாசத்தில் எரிந்தால் ஒயர் எங்கோ பாடியைத் தொடுகிறது. ஷார்ட் இல்லாமல் மீட்டர் பல்புகள் வழியாக மட்டும் கரண்ட் ஓடினால் மங்கலாகத்தான் எரியும்.

அதை எரியவிட்டபடியே ஒயரிங்கை இடம் இடமாக அசையுங்கள். முதலில் டிக்கி மூடியின் கீல் அருகே உள்ள ரப்பர் குழாய்: திறந்து மூடி மடிந்து, உள்ளே இன்சுலேஷன் வெடித்துச் செம்பு தெரியும். அடுத்து நம்பர் பிளேட் விளக்கின் துருப்பிடித்த ஹோல்டர். பிறகு, வெளியே வாங்கிப் போட்ட மியூசிக் சிஸ்டம் இருந்தால், அதன் பின்னால் வெள்ளைக் கோடு போட்ட ஆரஞ்சு ஒயர். அது இல்லுமினேஷன் லைன், அதாவது பார்க் லைட்டோடு சிஸ்டத்தின் வெளிச்சத்தை இணைக்கும் ஒயர்; இணைக்காமல் விட்ட முனைக்கு டேப் சுற்றாவிட்டால் பிராக்கெட்டில் உரசும். எந்த இடத்தில் பல்பு மங்குகிறதோ, பழுது அங்கேதான்.

தயவுசெய்து 20 ஆம்ப் ஃபியூஸ் போட்டுவிடாதீர்கள். ஃபியூஸ் தாங்கும், ஒயர் உருகும்.