பனிக்கு அடியில் கிடந்த நெருப்பு

கேள்வி: காட்டுத்தீ என்பது வருடத்தில் நாலைந்து மாதப் பிரச்சினை. அதற்காக வருடம் முழுக்கச் சம்பளம் கொடுத்து அரசாங்கங்கள் ஆள் வைத்திருப்பது வீண் செலவு இல்லையா? சீசனுக்கு மட்டும் தற்காலிகமாக ஆள் எடுத்துக்கொண்டு, மிச்சமாகும் பணத்தில் தண்ணீர் கொட்டும் விமானங்களை வாங்கினால் என்ன? இந்தக் காலத்திலும் மண்வெட்டியைக் கொடுத்து மனிதர்களைக் காட்டுக்குள் அனுப்பத்தான் வேண்டுமா?
- ஒரு வாசகர்

பதில்: மண்வெட்டியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அமெரிக்கக் காடுகளில் தீயணைக்கப் போகிறவர்கள் இன்றைக்கும் தோளில் சுமக்கும் கருவிக்குப் பெயர் புலாஸ்கி. ஒரே காம்பில் ஒரு பக்கம் கோடரி, மறுபக்கம் மண்ணைக் கொத்தும் அலகு. வேரை வெட்டிவிட்டு, அப்படியே திருப்பிப் பிடித்து மண்ணைப் புரட்டலாம். சருகு, புல், வேர் என்று எரியக்கூடிய எல்லாவற்றையும் செதுக்கி எடுத்து, வெறும் மண் தெரிகிற மாதிரி தீயைச் சுற்றி ஒரு கோடு போடுகிறார்கள். தின்ன ஒன்றும் கிடைக்காமல் தீ அந்தக் கோட்டில் அடங்குகிறது. விமானம் கொட்டும் தண்ணீரும் சிவப்பு மருந்தும் தீயின் வேகத்தைக் கொஞ்ச நேரம் மட்டுப்படுத்தும். அந்த நேரத்துக்குள் கோடு போட்டு முடிக்கக் கீழே ஆள் இல்லையென்றால், கொட்டியது காய்ந்ததும் தீ தன் வழியில் போய்க்கொண்டே இருக்கும்.

பலத்த காற்று அடித்தால் அந்த உதவியும் கிடையாது. 2025 ஜனவரி 7 இரவு லாஸ் ஏஞ்சலிஸ் எரிந்துகொண்டிருந்தபோது, காற்றின் வேகத்தால் விமானங்களையும் ஹெலிகாப்டர்களையும் இறக்கி நிறுத்த வேண்டியதாயிற்று. அது ஜனவரி மாதம் என்பதையும் கவனியுங்கள். நீங்கள் சொல்லும் சீசனுக்குள் அது வரவே வராது.

சரி, தீ இல்லாத மாதங்களில் இவர்களுக்கு என்ன வேலை? உங்கள் கேள்வியின் மையமே இதுதான், எனக்கு ஆதங்கம் வருவதும் இங்கேதான். தீயைத் தோற்கடிப்பதே அந்த மாதங்களில்தான். அடர்ந்த புதர்களை வெட்டுவது, காய்ந்த கிளைகளைக் குவித்து ஈரமான நாளாகப் பார்த்துக் கொளுத்துவது, கோடைக்கு முன்பே திட்டமிட்டுச் சிறு தீ வைத்துத் தரையில் கிடக்கும் சருகை எரித்துவிடுவது, தீக்கோடுகளைச் சுத்தம் செய்வது, எந்த ஊர் மக்கள் எந்தச் சாலை வழியாக வெளியேறுவது என்று வரைபடத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்து பேசுவது. வட ஆஸ்திரேலியாவின் பழங்குடி மக்கள் மழைக்காலம் முடிந்த கையோடு புல்வெளியில் ஆங்காங்கே சிறு தீ வைப்பது தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். இன்று அங்கே அதையே ரேஞ்சர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிறார்கள்.

இது கத்துக்குட்டிகள் செய்கிற வேலை இல்லை. 2022 ஜனவரியில் நியூ மெக்சிகோ மாநிலத்தில் வனத்துறையினர் கிளைக் குவியல்களைக் கொளுத்தினார்கள். மேலே பனி பெய்தது. ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. அத்தனை பனிக்கும் அடியில் ஒரு குவியலின் கங்கு அணையாமல் கிடந்து, ஏப்ரலில் காற்று கிளம்பியதும் எழுந்துகொண்டது. அதே ஏப்ரலில் பக்கத்துக் காட்டில் திட்டமிட்டு வைத்த இன்னொரு தீயும் கைமீறிப் போயிருந்தது. இரண்டும் சேர்ந்து 3,40,000 ஏக்கருக்கு மேல் எரித்தன. அந்த மாநில வரலாற்றிலேயே பெரிய தீ அது. கைமீறிய தீயைப் பற்றி வனத்துறையே நடத்திய ஆய்வு இரண்டு விஷயங்களைச் சொன்னது. வறட்சி எவ்வளவு முற்றியிருந்தது என்பதைத் திட்டம் போட்டவர்கள் குறைவாக மதிப்பிட்டுவிட்டார்கள். எப்படியாவது வேலையை முடித்தாக வேண்டும் என்ற நெருக்கடியும் அவர்களுக்கு இருந்தது.

கங்கு அணைந்துவிட்டதா என்று எப்படிப் பார்ப்பார்கள் தெரியுமா? கையுறையைக் கழற்றிவிட்டு, சாம்பல் மேல் புறங்கையை வைத்துப் பார்ப்பார்கள். சூடு தெரிந்தால் கிளறுவது, நனைப்பது, மறுபடி கையை வைப்பது. ஒவ்வொரு அங்குலமாக, மண்டியிட்டபடியே நகர்ந்து நகர்ந்து பார்க்க வேண்டும். வாரக் கணக்கில், குளிரில், குவியல் குவியலாகப் போய் இதைச் செய்ய ஆள் வேண்டுமா வேண்டாமா? சீசன் முடிந்ததும் கணக்கை முடித்து அனுப்பிவிட்டால் இந்தக் கை யாருடையது?

அனுபவத்துக்கும் பழக்கத்துக்கும் என்ன விலை என்று 1949 ஆகஸ்ட் 5 அன்று மொன்டானாவின் மான் கல்ச் பள்ளத்தாக்கில் தெரிந்தது. பாராசூட்டில் குதித்த அணியைத் தீ துரத்திக்கொண்டு மலைச்சரிவில் ஏறியது. அணித் தலைவர் வாக் டாட்ஜ் சட்டென்று நின்று, முன்னால் இருந்த புல்லில் தானே தீ வைத்தார். எரிந்து முடிந்த சாம்பலில் படுத்துக்கொள்ள வருமாறு எல்லோரையும் கூப்பிட்டார். எரியும் மலையில் இன்னொரு தீ வைக்கிற மனிதனை யார் நம்புவார்கள்? ஒருவரும் போகவில்லை. அந்தக் கோடையில் அவரோடு சேர்ந்து பயிற்சி செய்து பழகிய அணி அல்ல அது. 13 பேர் இறந்தார்கள். சாம்பலில் படுத்த டாட்ஜ் எழுந்து வந்தார். அப்புறம் முகட்டைத் தாண்டி ஓடிய இரண்டு பேர். மூன்றே பேர்தான் மிச்சம்.

செலவுக் கணக்கையும் பார்த்துவிடலாம். அமெரிக்க வனத்துறையின் பட்ஜெட்டில் தீக்குப் போனது 1995இல் 16 சதவீதம். 2015இல் அது பாதியைத் தாண்டிவிட்டது. தீயணைப்பைச் சேராத மற்ற ஊழியர்களின் எண்ணிக்கை 1998இலிருந்து 39 சதவீதம் குறைந்திருந்தது. காட்டைப் பராமரித்துத் திட்டம் போடுகிறவர்கள் அவர்கள்தான். பராமரிப்புக்கு ஒதுக்கிய பணத்தை எடுத்துத் தீயை அணைத்தார்கள். பராமரிப்பு இல்லாததால் அடுத்த தீ இன்னும் பெரிதாக வந்தது, அதற்கு இன்னும் பணம் எடுத்தார்கள். பெரிய தீக்கெல்லாம் தனி நிதி வைக்க 2018இல் சட்டம் போட்டார்கள். அதற்குள் ஒரு தலைமுறைக் காலம் போய்விட்டது.

தற்காலிகமாக ஆள் எடுக்கும் உங்கள் யோசனையையும் அங்கே நெடுங்காலம் செய்து பார்த்துவிட்டார்கள். வருடத்துக்கு 1,039 மணி நேரம், அதாவது ஆறு மாதத்துக்கு ஒரு மணி நேரம் குறைவு என்று ஒரு வரம்பு. 2012 வரை அந்தத் தற்காலிக வீரர்களுக்கு அரசு ஊழியர் மருத்துவக் காப்பீடு கிடையாது. 2021இல்கூட ஆரம்பச் சம்பளம் மணிக்கு 13 டாலர், அதைப் பதினைந்தாக்க ஜனாதிபதியே தலையிட வேண்டியிருந்தது. ஒரு குழுவை நடத்திப் போகும் பக்குவம் வர எத்தனையோ வருடம் ஆகும். பக்குவம் வந்த ஆள், வீட்டு வாடகை கொடுக்க முடியாமல் வேறு வேலைக்குப் போய்விடுகிறார். அந்தக் கருவிக்குப் பெயர் கொடுத்த எட் புலாஸ்கியும் ஒரு வனக் காவலர்தான். 1910 ஆகஸ்டில், இரண்டே நாளில் சுமார் 30 லட்சம் ஏக்கரை எரித்த தீயின் நடுவே, நாற்பதுக்கும் மேற்பட்ட ஆட்களை ஒரு சுரங்கத்துக்குள் கூட்டிப் போய்ப் பெரும்பாலோரைக் காப்பாற்றினார். அவருடைய கண் கெட்டுப்போனது. சிகிச்சைச் செலவை அரசாங்கம் ஏற்றுக்கொள்ளவில்லை. இதைப் படித்த நாளிலிருந்து என்னால் மறக்க முடியவில்லை.

மாற்றிச் செய்த நாடு ஒன்றைச் சொல்கிறேன். 2017 ஜூனில் போர்ச்சுகலின் பெட்ரோகாவ் கிராண்டே பகுதியில் 66 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தப்பி ஓடும் வழியில் சாலையில் மாட்டிக்கொண்டவர்கள். யூகலிப்டஸும் பைனும் சாலை ஓரம்வரை நெருங்கி நின்றன. அக்டோபரில் மறுபடியும் தீ, மறுபடியும் சாவு. அந்த வருடம் தீக்கான செலவில் ஐந்தில் ஒரு பங்குதான் தடுப்புக்குப் போயிருந்தது. அதற்குப் பிறகு தனி அமைப்பு ஒன்றை உருவாக்கி, சில வருடங்களில் அந்தப் பங்கைப் பாதிக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள். ஆபத்தான கிராமங்களில் ஊர்க்காரர் ஒருவரையே பொறுப்பாளராக வைத்து, எந்த வழியில் போவது, எந்தக் கட்டடத்தில் ஒதுங்குவது என்று ஒத்திகை பார்க்கிறார்கள்.

2025இல் போர்ச்சுகல் மறுபடியும் எரிந்ததே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான், இரண்டரை லட்சம் ஹெக்டேருக்கு மேல் போனது. பல பத்தாண்டுகளாகக் கைவிட்ட நிலங்களில் மண்டிய புதரை எட்டு வருடத்தில் தீர்த்துவிட முடியாது. 2017இல் எரிந்தது 5 லட்சம் ஹெக்டேருக்கு மேல், அந்த வருடம் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். 2025இல் சாவு எண்ணிக்கை அதன் பக்கத்தில்கூட வரவில்லை.

விமானம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தீ சிறியதாக இருக்கும்போதே போய் அமுக்கவும், வண்டி போகாத இடத்தில் ஆட்களைக் கொண்டுபோய் இறக்கவும் அது வேண்டும், வாங்கட்டும். குளிர்காலத்தில் புதர் வெட்டுகிறவரின் சம்பளத்தை எடுத்து வாங்க வேண்டாம், அவ்வளவுதான்.