கேட்டீர்கள், சொல்கிறேன்: இந்த மாதம் எல்லாமே நரம்பு

இந்த மாதம் கால்களைப் பற்றி வந்த கடிதங்களைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நான்கு பேர் நான்கு விதத் தொந்தரவைச் சொல்லியிருக்கிறார்கள். நான்கிலும் ‘நரம்பு’ இருக்கிறது. உண்மையில் நரம்பு சம்பந்தப்பட்டது ஒன்றே ஒன்றுதான். உடற்கூறு பாடம் நடத்தியே 31 வருடம் ஓட்டியவன் நான். சிவப்பு மைப் பேனாவைத் தேடிக் கை தானாகப் போனது. ஆனால் உங்களைச் சொல்லியும் குற்றமில்லை. யாழின் தந்தியும் நரம்பு, இலையில் ஓடும் கோடும் நரம்பு என்று வழங்கிய மொழி நம்முடையது. கிரேக்கர்களும் இப்படித்தான், ‘நியூரான்’ என்ற சொல் அவர்களிடம் முதலில் தசைநாணை, அதாவது தசையை எலும்போடு இணைக்கும் நாரைத்தான் குறித்தது. சரி, கடிதங்களுக்கு வருவோம்.

கேள்வி: நடு ராத்திரியில் கெண்டைக்கால் நரம்பு சுண்டி இழுத்துக்கொள்கிறது. உயிரே போகிறது. என்ன செய்வது?

பதில்: இழுப்பது நரம்பு இல்லை, தசை. கெண்டைக்கால் என்று பெயர் வைத்தவர் நன்றாகப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார். குதிகாலை உயர்த்தி முன்பாதத்தில் நின்றுகொண்டு பின்பக்கம் தடவிப் பாருங்கள். நடுவில் பருத்து முனைகளில் ஒடுங்கிய கெண்டை மீன்கள் இரண்டு, பக்கத்துக்கு ஒன்றாகக் கிடக்கும். உள்பக்கத்து மீன் கொஞ்சம் பெரிது, கொஞ்சம் கீழே வரை இறங்கியிருக்கும். இரண்டும் சேர்ந்த தசைக்குப் பெயர் கேஸ்ட்ராக்னீமியஸ்.

இந்தத் தசை தொடை எலும்பின் கீழ்முனையில் தொடங்கி, முழங்காலைத் தாண்டி, கணுக்காலையும் தாண்டி, குதிநாண் வழியாகக் குதிகால் எலும்பில் போய் ஒட்டுகிறது. இரண்டு மூட்டுகளைத் தாண்டுகிறது என்பதை மறக்காதீர்கள். முழங்காலை மடக்கி வைத்துக்கொண்டு பாதத்தை எவ்வளவு இழுத்தாலும் தசை முழுதாக நீளாது. காலை நேராக நீட்டுங்கள், அப்புறம் விரல்களை உங்கள் முகம் பார்க்க இழுத்துப் பிடியுங்கள். பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் விட்டுவிடும். போன வாரம் எனக்கே வந்தது. இத்தனை வருடம் இதைச் சொல்லிக்கொடுத்தவன், முழங்காலை மார்போடு கட்டிக்கொண்டு கத்தினேன். “காலை நீட்டுங்க” என்று சொன்னது, உடற்கூறு படிக்காத என் மனைவி.

கேள்வி: அம்மாவுக்குக் காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு நீலமாகப் புடைத்திருக்கிறது. நரம்புத் தளர்ச்சியா?

பதில்: நரம்புத் தளர்ச்சி அல்ல. புடைத்திருப்பது சிரை, அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய். பாதத்திலிருந்து இதயம் வரை ரத்தம் ஏற வேண்டும். கால் பக்கத்தில் அதற்கென்று ஒரு இதயம் கிடையாது. அந்த வேலையைப் பெரிதும் செய்வது நாம் மேலே பார்த்த கெண்டைக்கால்தான். நடக்கும்போது தசை சுருங்கி, உள்ளே ஓடும் ஆழ்சிரைகளைப் பிழிகிறது. ரத்தம் மேலே போகிறது. சிரைக்குள் இருக்கும் வால்வுகள் மேல்பக்கம் மட்டுமே திறப்பதால் திரும்பி இறங்க முடிவதில்லை. தோலுக்கடியில் ஓடும் சிரைகளின் வால்வுகள் பழுதானால் ரத்தம் கீழே தேங்கி, குழாய் விரிந்து, இடம் போதாமல் நெளியும். நீங்கள் பார்ப்பது அந்த நெளிவைத்தான்.

அநேகமாக உங்கள் அம்மாவுக்கு அது உள்கணுக்காலுக்கு முன்னால் தொடங்கித் தொடை இடுக்கு வரை ஏறும் பெரிய சஃபீனஸ் சிரையின் வழியில் இருக்கும். உடம்பிலேயே மிக நீளமான சிரை அது. இதய பைபாஸ் அறுவையில் இதிலிருந்து ஒரு துண்டை எடுத்து வைப்பார்கள், தலைகீழாகத் திருப்பி. திருப்பாமல் வைத்தால் வால்வுகள் ரத்தத்தை மறித்துவிடும். எனக்கு மிகவும் பிடித்த தகவல் இது. வகுப்பில் வருடா வருடம் சொல்லியும் அலுக்கவில்லை.

ஒரே இடத்தில் நெடுநேரம் நிற்பதை அம்மா குறைக்கட்டும், நடக்கட்டும், படுக்கும்போது காலை உயர்த்தி வைக்கட்டும். கணுக்கால் பக்கம் தோல் கறுத்தாலோ புண் வந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் அன்றைக்கே காட்ட வேண்டும். மூச்சும் திணறினால் உடனே அவசர சிகிச்சைக்கு.

கேள்வி: பிறந்த குழந்தைக்கு முழங்கால் சில்லு கிடையாதாமே?

பதில்: உண்டு, குருத்தெலும்பாக. எலும்பாக மாறத் தொடங்குவது சுமார் 3 வயதுக்கு மேல். எக்ஸ்ரேயில் தெரியாததால் வந்த கதை இது.

கேள்வி: படியில் கால் மடங்கி, வெளிக்கணுக்கால் நரம்பு பிசகிவிட்டது. நீவி விடலாமா?

பதில்: வேண்டாம். பாதம் உள்பக்கமாக மடங்கும்போது அடிவாங்குவது லிகமென்ட். எலும்பையும் எலும்பையும் கட்டி வைத்திருக்கும் நார் அது. வெளிக்கணுக்காலில் முக்கியமாக மூன்று நார்கள். முன்னால் இருப்பது வழக்கமாக முதலில் கிழியும். ஏற்கெனவே கிழிந்த நாரை நீவினால் என்ன ஆகும்? காலை உயர்த்தி வைத்து, துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள். நாலு அடி எடுத்து வைக்க முடியவில்லை, அல்லது கணுக்கால் முட்டின் பின்விளிம்பை அழுத்தினால் எலும்பிலேயே வலிக்கிறது என்றால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

கேள்வி: கால்மேல் கால் போட்டு ஒரு மணி நேரம் புத்தகம் படித்தேன். எழுந்தால் பாதம் மரத்து, முன்பாதத்தைத் தூக்கவே முடியவில்லை. சில நிமிடத்தில் சரியாகிவிட்டது. நரம்பா?

பதில்: நரம்பேதான்! இந்த மாதத்தில் சரியாகச் சொன்ன ஒரே ஆள் நீங்கள்.

இப்போது ஒரு காரியம் செய்யுங்கள். முழங்காலை மடக்கி உட்கார்ந்து, வெளிப்பக்கம், முழங்காலுக்குச் சற்றுக் கீழே தடவுங்கள். ஒரு எலும்புக் குமிழ் தட்டுப்படும். ஃபிபுலா என்ற மெல்லிய எலும்பின் தலை அது. அதற்குப் பின்னாலும் சற்றுக் கீழேயும் விரல்நுனியை முன்னும் பின்னும் மெல்ல உருட்டினால், தோலுக்கடியில் ஒரு கயிறு நழுவுவது பலருக்குத் தெரியும். அழுத்தாதீர்கள், பாதம் வரை சுர்ரென்று ஓடும்.

உடம்பிலேயே தடித்த நரம்பு சியாட்டிக். பிட்டத்திலிருந்து தொடையின் பின்புறமாக இறங்கி, வழக்கமாக முழங்காலுக்கு மேலே இரண்டாகப் பிரிகிறது. அதில் ஒரு கிளைதான் ஃபிபுலாவின் கழுத்தைச் சுற்றி முன்னால் வருகிறது. அங்கே அதற்கு மெத்தையே கிடையாது, ஒரு பக்கம் எலும்பு, மறுபக்கம் தோல். நீங்கள் காலைப் போட்ட விதத்தில் அந்த இடம் மற்ற முழங்காலின்மேல் நசுங்கியிருக்கிறது. பாதத்தை மேலே தூக்கும் தசைகளுக்கும் புறங்காலின் தோலுக்கும் இந்த நரம்புதான் போகிறது. அதனால்தான் மரத்ததும் தூக்க முடியாததும் சேர்ந்தே வந்தன. சில நிமிடத்தில் சரியானதால் கவலையில்லை. திரும்பாமல் பாதம் தொங்கிக்கொண்டே இருந்தால் காத்திருக்காதீர்கள். காலில் மாவுக்கட்டு போட்டவர்களும், கட்டின் விளிம்பு இந்த இடத்தில் அழுத்தினால் சகித்துக்கொள்ளாமல் உடனே சொல்லிவிட வேண்டும்.

கேள்வி: மருத்துவ முதலாண்டு மாணவி நான். கெண்டைக்காலை அறுத்துப் பார்க்கும்போது நீண்ட, வெள்ளையான இழை ஒன்று வந்தது. நரம்பு என்றேன், எல்லோரும் சிரித்தார்கள். ஏன்?

பதில்: நீங்கள் பிடித்தது பிளான்டாரிஸ் தசையின் நாண். ‘முதலாண்டு மாணவரின் நரம்பு’ என்றே அதற்குப் பட்டப்பெயர் உண்டு. முழங்காலுக்குப் பின்னால் விரல் நீளத்துக்கு ஒரு குட்டித் தசை. அதிலிருந்து குதிகால் வரை நூல் போல ஒரு நாண், கேஸ்ட்ராக்னீமியஸுக்கும் அதனடியில் உள்ள சோலியஸுக்கும் நடுவே ஓடும். சிலருக்கு இந்தத் தசையே இருக்காது, அவர்களுக்கு அது தெரியவும் தெரியாது. வேறிடத்தில் அறுந்த நாணைச் சரிசெய்ய அறுவை மருத்துவர்கள் இதை எடுத்துக்கொள்வதுண்டு.

அடுத்த முறை மேல்நோக்கிப் பின்தொடர்ந்து போங்கள். நாண் என்றால் தசையில் போய் முடியும். கிளை விடாது, பட்டையாக மினுங்கும். நரம்பு மங்கலாக, உருண்டையாக, வழியெல்லாம் கிளை விட்டுக்கொண்டு போகும்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆசிரியர் இதே இழையை இடுக்கியில் தூக்கி “என்ன இது?” என்று கேட்டார். “டிபியல் நரம்பு, சார்” என்றேன், அறை முழுக்கக் கேட்கும்படி. அவர் சிரிக்கவில்லை. இடுக்கியை என் கையில் கொடுத்து, “அப்படியா, அது எங்கே போய் முடிகிறது என்று பார்த்துவிட்டு வந்து சொல்” என்று அடுத்த மேசைக்குப் போய்விட்டார். குட்டித் தசையைக் கண்டுபிடித்து நிமிர்ந்தபோது அறையில் நான் மட்டும்தான் இருந்தேன்.