மகளின் ஆய்வகமும் சைட்டேஷன் கணக்கும்

அன்புள்ள ஐயா,

உயிரியல் முடித்த என் மகளுக்கு முனைவர் பட்ட ஆய்வுக்கு இரண்டு இடத்தில் அழைப்பு வந்திருக்கிறது. ஒருவர் புற்றுநோய்ச் செல் ஆய்வாளர், ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் எச்-இண்டெக்ஸ் 71. இன்னொருவர் மனநல மருத்துவர், ஸ்கிசோஃப்ரினியா என்கிற மனச்சிதைவு நோய் பற்றிய ஆய்வு, 24தான். இவள் இரண்டாமவரிடம்தான் போவேன் என்கிறாள். வீட்டில் தினமும் இதே பேச்சு. மூன்று மடங்கு வித்தியாசம் இருக்கிறதே, நீங்களாவது சொல்லக்கூடாதா?

ஒரு தந்தை, செங்காங், சிங்கப்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ முடிவைப் பார்க்கிற கண்ணோடு இந்த எண்ணையும் பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இது 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் கொண்டுவந்த கணக்கு. 71 என்றால், மற்ற கட்டுரைகளில் ஒவ்வொன்றும் குறைந்தது 71 தடவை மேற்கோள் (சைட்டேஷன்) காட்டப்பட்ட 71 கட்டுரைகள் அவர் பெயரில் இருக்கின்றன, அவ்வளவுதான். வயதோடு ஏறும், இறங்காது. தட்டில் வளர்க்கிற செல் ஒரு நாளில் இரட்டிப்பாகிவிடும், ஸ்கிசோஃப்ரினியா வந்த பையனையோ வருஷக்கணக்கில் பின்தொடர வேண்டும். இவர்கள் இருவரையும் ஒரே தராசில் வைத்தால் முள் எந்தப் பக்கம் சாயும் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

மனநலத் துறையில் எது அதிகம் மேற்கோள் பெறுகிறது என்று பார்த்தால் இன்னும் வேடிக்கை. மேக்ஸ் ஹாமில்டன் 1960இல் மனச்சோர்வை அளக்க ஒரு மதிப்பீட்டுப் படிவம் வெளியிட்டார். மனச்சோர்வு மருந்தைச் சோதிக்கிறவர்கள் காலங்காலமாக அதை எடுத்து நீட்டுகிறார்கள், கூடவே அவர் கட்டுரையையும் குறிப்பிடுகிறார்கள். பயனுள்ள வேலை, மறுக்கவில்லை. ஆனால் 2003இல் காஸ்பி குழு ‘சயின்ஸ்’ இதழில் எழுதியது வேறு கதை. நியூசிலாந்தின் டுனெடினில் 847 பேரைப் பார்த்துவிட்டு, மூளையில் செய்தி கடத்துகிற செரோட்டோனின் சம்பந்தப்பட்ட ஒரு மரபணுவின் குட்டை வடிவம் இருப்பவர்கள் வாழ்க்கையில் அடி விழும்போது அதிகம் சோர்ந்துபோகிறார்கள் என்றார்கள். பல ஆயிரம் மேற்கோள். அதை வைத்தே எத்தனை பேருக்கு ஆய்வு நிதி கிடைத்திருக்கும்! 2019இல் பார்டர் குழு லட்சக்கணக்கானவர்களின் தரவை வைத்து, இதையும் சேர்த்து மனச்சோர்வோடு தொடர்புபடுத்திப் பேசப்பட்ட 18 மரபணுக்களைச் சோதித்தது. கண்ணை மூடிக்கொண்டு எடுத்த மரபணுக்களைவிட இவை ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. ஆனாலும் பழைய மேற்கோள்கள் கணக்கில் அப்படியே இருக்கின்றன, மறுத்து எழுதியவன் காட்டிய மேற்கோளும் அதில் சேர்ந்துவிடுகிறது.

அப்புறம் ஜான் கேட். நம்ம சாங்கியில் மூன்று வருஷத்துக்கு மேல் ஜப்பானியரின் போர்க்கைதியாக இருந்த ஆஸ்திரேலிய டாக்டர். ஊர் திரும்பி, மெல்போர்ன் பக்கம் பண்டூரா மருத்துவமனையில் புழங்காமல் கிடந்த ஒரு சமையலறையில் உட்கார்ந்துகொண்டு, பித்து நிலை (மேனியா, அதாவது கட்டுக்கடங்காத கிளர்ச்சி) நோயாளிகளின் சிறுநீரைக் கினிப்பன்றிகளுக்கு ஊசியில் ஏற்றிப் பார்த்தார். சிறுநீரில் இருக்கிற யூரிக் அமிலம்தான் காரணமோ என்று சந்தேகம். அது லேசில் கரையாது என்பதால் லித்தியம் உப்பாக்கிக் கொடுத்தார், மல்லாக்கப் போட்டாலும் துள்ளாமல் கிடந்தனவாம் பன்றிகள். யூரிக் அமிலம் பற்றிய சந்தேகம் தப்பு, லித்தியம் அமைதிப்படுத்துகிறது என்று கண்ணில் பட்டது சரி! லித்தியத்தை முதலில் தானே விழுங்கிப் பார்த்துவிட்டு, பத்துப் பித்து நோயாளிகளுக்குக் கொடுத்து, 1949இல் ஆஸ்திரேலிய மருத்துவ இதழில் சின்னதாக ஒரு கட்டுரை எழுதினார். அதே வருஷம் அமெரிக்காவில் உப்புக்குப் பதிலாக லித்தியம் குளோரைடு சாப்பிட்டுச் சிலர் இறந்துபோனதால் யாரும் கிட்டே வரவில்லை. டென்மார்க்கில் ஷோவ் 1954இல் முறையாகச் சோதித்தார், அமெரிக்கா 1970இல்தான் அனுமதித்தது. பித்தும் மனச்சோர்வும் மாறிமாறி வருகிற பைபோலார் நோய்க்கு இன்றும் அதுதான் முன்வரிசை மருந்து. 1955 வாக்கில் கேடின் எச்-இண்டெக்ஸைக் கணக்கிட்டிருந்தால் உங்கள் வீட்டு வாசலைக்கூட அவர் மிதித்திருக்க முடியாது.

நம் ஊரிலேயே பாருங்கள். உங்களுக்குப் பக்கத்தில் புவாங்கோக்கில் இருக்கிற மனநலக் கழகம் 2016இல் நடத்திய ஆய்வு, ஏழில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு மனநலப் பாதிப்பு வந்திருக்கிறது என்றது. பத்திரிகைகளில் அந்த ஏழில் ஒன்றை எத்தனை தடவை படித்திருப்போம்! அதெல்லாம் எந்த எச்-இண்டெக்ஸிலும் ஏறாது.

சரி, முடிவு? 71ஐயும் 24ஐயும் மூடிவைத்துவிட்டு, இரண்டு பேரின் கடைசி ஐந்து கட்டுரைகளை மகள் எடுத்துப் பார்க்கட்டும். கட்டுரை எழுதியவர்கள் வரிசையில் முதல் பெயர் மாணவருடையதா, முடித்துப்போன மாணவர்கள் இப்போது எங்கே, எத்தனை வருஷத்தில் முடித்தார்கள், பேராசிரியர் வாரம் ஒரு முறையாவது முகம் கொடுத்துப் பேசுவாரா என்று அங்கே வேலை செய்கிறவர்களிடமே போய்க் கேட்கட்டும். நீங்கள் கூடப் போகாதீர்கள்.