ராஸ்பெரி பை 4-இல் வீட்டுக்கு ஒரு பாட்டு சர்வர் அமைக்க முடியுமா?

2 ஜிபி நினைவகமுள்ள ராஸ்பெரி பை 4 என்ற கையடக்கக் கணினி போதுமா, பாடல்களை எங்கே வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகப் போதும். குறுந்தகட்டுத் தரத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 14 லட்சம் பிட்டுகள்தான். தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் வகைக் கோப்பாக மாற்றினால் இன்னும் குறையும்.

முதலில் பாட்டு எங்கே ஒலிக்க வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். கைபேசியிலும் கணினியிலும் என்றால், அவற்றுக்குப் பாட்டை அனுப்பும் நேவிட்ரோம் என்ற சர்வர் மென்பொருள். பையுடனேயே ஒலிபெருக்கியை இணைத்து, கைபேசியை ரிமோட்டாக மட்டும் பயன்படுத்துவதென்றால், பையிலேயே பாட்டை இசைக்கும் எம்பிடி என்ற மென்பொருள். இதற்குப் பையின் 3.5 மி.மீ. ஹெட்போன் துளையை நம்பாதீர்கள்; பாட்டு அடங்கும் இடங்களில் மெல்லிய இரைச்சல் கேட்கும். சாதாரண யுஎஸ்பி டாக் (டிஜிட்டல் ஒலியை ஒலிபெருக்கிக்கு ஏற்ற சமிக்ஞையாக மாற்றும் சிறு கருவி) ஒன்றே அதைவிட மேல்.

பாடல்களுக்கு மெமரி கார்டு வேண்டாம். கார்டு கெட்டால் எல்லாமே போகும். யுஎஸ்பி டிஸ்க் நல்லது, ஆனால் இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பை 4-இன் நான்கு யுஎஸ்பி போர்ட்டுகளும் சேர்ந்தே 1.2 ஆம்பியர்தான் தரும். சுழலும் டிஸ்க் கிளம்பும்போது மின்சாரம் போதாவிட்டால் 'டிக், டிக்' என்று முனகிவிட்டுக் காணாமல் போய்விடும். நான் ஒரு வாரம் மென்பொருளைத் திட்டிக்கொண்டிருந்தேன். தனி மின்இணைப்புள்ள யுஎஸ்பி ஹப்பில் மாட்டியதும் டிஸ்க் அடங்கியது.

இன்னொன்று: நேவிட்ரோம் கோப்புறைப் பெயர்களை நம்பிப் பாடல்களை அடுக்குவதில்லை, கோப்புக்குள் இருக்கும் டேக் விவரங்களைத்தான் (பாடல், ஆல்பம், பாடகர் பெயர்கள் போன்றவை) படிக்கிறது. அவை தாறுமாறாக இருந்தால் ஒரே ஆல்பம் நான்காக உடைந்து நிற்கும். டேக்குகளைத் திருத்தும் மென்பொருளான மியூசிக்பிரைன்ஸ் பிக்கார்டில் திருத்திவிட்டுப் பிறகு ஏற்றுங்கள்.